சாந்தினி சிரிக்காமல் உட்கார வேண்டிய நாள்

பயந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு நாக்கு வறண்டுபோகும். ஈப்போ புந்தோங்கில் இருக்கும் சாந்தினிக்குச் சிரிப்பு வரும். உதட்டோரம் வந்துவிட்டுப் போகிற சிரிப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து குபுகுபுவென்று கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் தண்ணீர் கொட்டி, எதிரில் இருப்பவர் தன் சட்டையில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொள்ளும்படியான சிரிப்பு.

ஐந்தாம் வகுப்பில், பள்ளிக்கு வந்த பெரிய அதிகாரியை வரவேற்கப் பேச மேடையேறியவள் "மதிப்பிற்குரிய" என்ற சொல்லைத் தாண்டவே இல்லை. கார் லைசென்சுக்குப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி தொண்டையைச் செருமினார்; அதுவே போதுமானதாக இருந்தது. தெலுக் இந்தானிலிருந்து பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் மாமா மிகவும் கனமான குரலில், "பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்றார். காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்த சாந்தினி குலுங்கிய குலுங்கலில் மூன்று காப்பியும் மாமாவின் வேட்டிக்குப் போயின. அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. அதற்காக வீட்டில் வருத்தப்பட்டவர் அம்மா குமுதா மட்டும்தான்.

வீடு நிறைய ஆட்கள். அப்பாவின் பெயர் பத்துமலை; பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். பீடோருக்கு உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்தவர். அம்மா ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மீ கோரெங் நூடுல்ஸ் பிரட்டுகிறார். அண்ணன் கனகராஜுக்கு ஏர்கோன் மாட்டும் வேலை. அண்ணி சரளா அப்போது நிறைமாதம். சாந்தினிக்கு இருபத்தேழு வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் உயிரியலை ஆசையாகப் படித்தவள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாமல், தற்காலிகமாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தத் தற்காலிகத்திலேயே வருடங்களை ஓட்டியவள்.

சரளாவுக்கு வலி கண்ட அன்று எல்லாம் மாறியது.

பிரசவ அறைக்குள் கூட இருக்க ஒருவரை விடுவார்கள். கனகராஜ்தான் போவதாக இருந்தது. அதற்காகவே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் தாதி ஒருவர் சரளாவின் கையில் ஊசி ஏற்றுவதைப் பார்த்தான். "அவ்ளோ பெரிய ஊசியாலா?" என்று கேட்டான். அடுத்த நொடி தரையில் கிடந்தான். அவனை ஒரு நாற்காலியில் சாய்த்து நெற்றியில் ஈரத்துணி வைத்துவிட்டு, "வேற யாரு வாரீங்க?" என்று கேட்டார்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். சாந்தினிதான் நின்றாள்.

உள்ளே போனதும் பயம். பயம் வந்ததும் சிரிப்பு.

"ஏண்டி பேய் மாதிரி சிரிக்கிற!" என்று சரளா கத்தினாள்.

"ஐயோ அண்ணி, பயமா இருக்கு அண்ணி," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் சாந்தினி.

"உனக்கென்னாடி பயம்? பெத்துக்கறது நானு!"

சொல்லி முடித்ததும் சரளாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வலி வந்தால் கத்துவதும் வலி போனால் சிரிப்பதுமாக இருவரும் பண்ணிய ரகளையில், பிரசவம் பார்த்த மலாய் மிஸ்ஸி முகக்கவசத்துக்குள் சிரித்தபடியே, "மூச்சு விடு, மூச்சு விடு," என்றார். அந்த மிஸ்ஸியின் கைகளைத்தான் சாந்தினி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரமே இல்லாத கைகள். குழந்தை வெளியே வந்து சில நொடிகள் சத்தமே இல்லை. மிஸ்ஸி அதன் முதுகைத் துண்டால் தேய்த்தார். பிறகு அது வீல் என்று கத்தியது. பெண் குழந்தை. தலை நிறைய முடி.

அன்று மத்தியானம் சாந்தினி நேராகத் தன் பள்ளித் தோழி மெஹர்பானுவின் கடைக்குப் போனாள். மெஹர்பானுவும் அவள் அத்தாவும் நடத்தும் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை அது. சாந்தினி ரொட்டி சானாயைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றுகொண்டே, தலை எப்படித் தெரிந்தது, எப்படித் திரும்பியது, தொப்புள்கொடி என்ன நிறம், நஞ்சுக்கொடி எவ்வளவு பெரிது என்று கையை விரித்துக் காட்டிச் சொன்னாள்.

"அடியே, மெதுவா பேசுலா," என்றாள் மெஹர்பானு. "கஸ்டமரு சாப்புடுறாங்க. அந்த மேசையில ஈரலு வாங்கினவரு எந்திரிச்சே போயிட்டாரு."

"பானு, அந்த மிஸ்ஸிகிட்ட கேட்டேன். பிடான் வேலைக்கு இப்போ யூனிவர்சிட்டியில டிகிரியே இருக்காம். மருத்துவச்சிக்கு டிகிரி! நான் போடப்போறேன்."

மெஹர்பானு கரண்டியைக் கீழே வைத்தாள். "போடு. போடாம என்னா. ஆனா இண்டர்வியூ இருக்குமே?"

அப்போதே சாந்தினிக்குச் சிரிப்பு வரத் தொடங்கியது.

விண்ணப்பம் போனது, சில மாதங்களில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்தது. சிலாங்கூரில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம். பள்ளி விடுமுறை வாரத்தில் தேதி. மூன்று பேர் கொண்ட குழு கேள்வி கேட்கும் என்று போட்டிருந்தது. சாந்தினி அதைத் தான் வேலை பார்க்கும் கடையில் நின்றபடி வாசித்தாள். மூன்று பேர் என்ற இடம் வந்ததும் கண்ணாடி துடைக்கும் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள்.

வீட்டில் போர்க்கால ஏற்பாடு தொடங்கியது. பாடத்தை அவள் பார்த்துக்கொண்டாள். மருத்துவச்சிக்கும் தாதிக்கும் என்ன வித்தியாசம், கர்ப்பிணியின் ரகசியத்தை எப்படிக் காப்பது, மருத்துவரை எப்போது கூப்பிட வேண்டும் என்றெல்லாம் வாசித்து வாசித்துக் கனவிலும் சொன்னாள். சிரிப்பைத்தான் யாராலும் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

அம்மா வாயில் கிராம்பு அடக்கிக்கொள்ளச் சொன்னார். கிராம்போடு சிரித்ததில் புரைக்கேறியது. கனகராஜ், "சோகமா ஏதாச்சும் நெனைச்சுக்கலா. நம்ம பூனை செத்துப்போச்சே, அத நெனை," என்றான். பூனையை நினைத்தாள். அது உயிரோடிருந்தபோது அப்பாவின் தலைமுடிச் சாயத்தில் பாதி முகத்தை விட்டுவிட்டு வந்து நின்ற கோலம்தான் நினைவுக்கு வந்தது. தொடையைக் கிள்ளிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துப் பார்த்தாள். சரளா மட்டும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "விடுங்க, அவ சிரிக்கட்டும். அழுவுற ஆளுக்கு இது தேவல," என்றாள்.

மெஹர்பானு இதை ஒரு தொழிலாகவே எடுத்துக்கொண்டாள். மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு கடையின் பின் மேசையில் தினமும் நேர்முகத் தேர்வு. அத்தாவின் கண்ணாடியை மூக்குநுனியில் மாட்டிக்கொண்டு, கோழிக்குழம்பு வாளிக்குப் பின்னால் பேராசிரியரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மிஸ் சாந்தினி பத்துமலை. ஒய் டூ யூ வாண்ட் டு பி எ மிட்வைஃப்?"

"பிகாஸ்..." என்றாள் சாந்தினி. உதடு துடித்தது.

"சிரிக்காத."

"பிகாஸ் ஐ..."

"சிரிக்காதன்னு சொன்னேன்லா!"

சாந்தினி மேசையில் கவிழ்ந்துவிட்டாள். மெஹர்பானுவும் கவிழ்ந்துவிட்டாள். ரொட்டி போடும் அண்ணன் மாவை வீசுவதை நிறுத்திவிட்டு, "பாஸா, ஃபெயிலா?" என்று கேட்டார்.

நாள் நெருங்க நெருங்க மோசமானதே தவிரக் குறையவில்லை. அம்மா யாரும் பார்க்காதபோது முருகனிடம் தனியாகப் பேச ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தபோது பத்துமலை ஒரு சந்தேகம் கேட்டார். மனிதர் இரண்டு பிள்ளைக்கு அப்பா. இரண்டு முறையும் அவரை வெளியேதான் நிற்க வைத்தார்கள். "ஏம்மா, அவ்ளோ பெரிய தலை எப்படித்தான் வெளிய வருது? படிக்கிறியே, சொல்லு பாப்போம்."

சாந்தினி சுற்றுமுற்றும் பார்த்தாள். பிள்ளைகள் வேனில் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைப் பத்துமலை ஒரு கூடையில் போட்டு வைத்திருப்பார். அதிலிருந்து யாரோ ஒரு பையனுடைய விளையாட்டுச் சட்டையை எடுத்தாள். கழுத்து இறுக்கமான சட்டை.

"அப்பா, இத மாட்டுங்க."

"இது ரெண்டாம் வகுப்பு பையனோடதுமா."

"மாட்டுங்கப்பா. நீங்கதான் பாப்பா. இந்த கழுத்துதான் வாசல்."

பத்துமலை நல்ல பருமனான மனிதர். மீசை வேறு பெரிது. சட்டைக்குள் தலையை விட்டார். தலை பாதி வழியில் நின்றுவிட்டது.

"மாட்டிக்கிச்சு!" என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

"முகத்த நிமித்தினா மாட்டத்தான் செய்யும். தாடைய நெஞ்சோட ஒட்டுங்க. பாப்பாவும் அப்படித்தான் குனிஞ்சுக்கும். ஆங், இப்போ மெதுவா திரும்புங்க, அம்மாவோட முதுகுப் பக்கம் மூஞ்சிய காட்டுங்க."

"யாரு முதுகு? குமுதா முதுகா?"

"ஐயோ, சும்மா திரும்புங்கப்பா. உச்சந்தலை தெரியுது. தள்ளாதீங்க, அவசரம் வேணாம். இப்போ தலைய மெதுவா தூக்குங்க. நெத்தி... கண்ணு... மூக்கு..."

"மீசை!" என்று கனகராஜ் கூவினான்.

அம்மா இட்டிலித் தட்டோடு சுவரில் சாய்ந்துகொண்டு, சத்தமே வராமல் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். சரளாவால் குழந்தையைப் பிடிக்க முடியவில்லை, கனகராஜிடம் கொடுத்துவிட்டாள். கனகராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இப்போ தலை வந்துருச்சு. பக்கவாட்டுல திரும்புங்க, தோளு வரணும்ல. ஒரு தோளு முதல்ல..."

"தோளு வராதுமா. சட்டை கிழிஞ்சிரும். எனக்கு மூச்சு முட்டுது!"

"வலிக்குதாப்பா?" என்று சாந்தினி அவர் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டாள். "இருங்க, நான் தளர்த்தி விடுறேன். என்னையவே பாருங்க. மூச்சு விடுங்க."

பத்துமலை மூச்சு விட்டார். அவள் சட்டையை மேலே சுருட்டி, காதை மடக்கி, நிதானமாக எடுத்துவிட்டாள். வியர்த்து, மீசை கலைந்து, புதிதாகப் பிறந்தவர் போலவே விழித்தார்.

சரளாதான் முதலில் கவனித்தாள். "அடியே. நாங்க எல்லாரும் உருண்டு கெடக்கோம். நீ ஒரு தடவகூட சிரிக்கல."

சாந்தினி யோசித்தாள். உண்மைதான். பிறகு கையில் இருந்த சட்டையையும் அப்பாவின் மீசையையும் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நெடுநேரம் நிற்கவில்லை.

நேர்முகத் தேர்வு நாளில் சாந்தினி பேருந்தில் தனியாகப் போவதாகத்தான் திட்டம். விடியும் முன்பே பத்துமலை வேனைக் கழுவிச் சாமிப் படத்துக்குப் பூ வைத்துவிட்டார். "ஸ்கூலு லீவு. வேன் சும்மா நிக்குது. எதுக்கு பஸ்ஸூ?" அப்பா போனால் அம்மாவும் வருவார். அம்மா வந்தால் குழந்தையைப் பார்க்காமல் ஒரு நாள் இருக்க மாட்டார்; ஆகவே குழந்தை. குழந்தை வந்தால் சரளா. சரளா வந்தால் கனகராஜ். மெஹர்பானு கடைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பிரியாணிப் பொட்டலங்களோடு வாசலில் நின்றாள். "நான் இல்லாம எப்படி? நான்தானே உனக்கு ப்ரொஃபெசரு."

மஞ்சள் வேன் நெடுஞ்சாலையில் தெற்கே ஓடியது. பீடோரில் இறங்கி அம்மா கொய்யா வாங்கினார். சுங்காய் வரும்போதே பிரியாணி காலி. எல்லாரும் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். சாந்தினி எல்லாவற்றுக்கும் சிரித்தாள். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் யாரும் கேள்வி கேட்கவில்லை.

பல்கலைக்கழக வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா வேனை நிறுத்தினார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு குழந்தை, ஒரு கூடை கொய்யா, பொட்டும் தூடோங் முக்காடும் சுடிதாருமாகப் பெரிய கூட்டம். பள்ளிக்கூடச் சுற்றுலாவா என்று மலாயில் கேட்டார்.

"இல்ல," என்று பத்துமலை நெஞ்சை நிமிர்த்தி மலாயில் சொன்னார். "என் மக பிடானாகப் போறா."

ஜாகா சாந்தினியைப் பார்த்தார். தடுப்புக் கம்பைத் தூக்கிவிட்டார். "குட் லக்," என்று சொல்லி, அவளுக்கு ஒரு சல்யூட்டும் அடித்தார்.

அறையில் மூன்று பேர். நடுவில் நரைத்த முடியோடு ஒரு சீனப் பேராசிரியர் அம்மா. குழுவின் தலைவர் அவர்தான். ஒரு பக்கம் மெலிந்த மருத்துவர் ஒருவர். மறுபக்கம் சாந்தினி வயதே இருக்கக்கூடிய ஒரு மலாய் விரிவுரையாளர். ரோஜா நிறத் தூடோங். பேச்சு மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி நடந்தது.

"உங்கள் பெயர்?" என்றார் பேராசிரியர்.

அது போதும். சாந்தினிக்கு வந்துவிட்டது. கிள்ளினாள், கடித்தாள், பூனையை நினைத்தாள். பூனையைத்தான் நினைத்திருக்கக் கூடாது. தோள் குலுங்கியது. மருத்துவர் தன் டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க," என்றாள் மூச்சு வாங்க. "எனக்குப் பயம் வந்தா சிரிப்பு வரும். சின்ன வயசிலேருந்து. உங்களைப் பார்த்துச் சிரிக்கல. உங்க டை நல்லா இருக்கு."

ரோஜாத் தூடோங் உதட்டைக் கடித்துக்கொண்டது. பேராசிரியர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"வலியில் துடிக்கிற ஒரு தாய், தன்னைப் பார்த்துச் சிரிக்கும் மருத்துவச்சியைப் பற்றி என்ன நினைப்பாள்?"

சாந்தினிக்கு முகம் சூடாகியது. இந்தக் கேள்விக்கு எந்த மேசையிலும் யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. சாந்தினி பதில் சொல்லுமுன் பேராசிரியர் விரிவுரையாளரைப் பார்த்துத் தலையசைத்தார். "செய்து பார்ப்போமே. இவர் தாய். முதல் பிரசவம். யாரையும் தொட விடமாட்டேன் என்கிறார். நீங்கள் இப்போதுதான் அறைக்குள் வருகிறீர்கள்."

அந்த விரிவுரையாளர் இதற்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியில் சரிந்தார். மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு அலறல் அலறினார். வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்த கனகராஜ் எழுந்து வேனுக்கே போய்விட்டதாக அப்புறம் சரளா சொன்னாள்.

"வெளியே போ! தொடாதே! அம்மாவைக் கூப்பிடு!"

மருத்துவர் முகத்தைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டார், காகிதம் ஆடியது. சாந்தினி எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பக்கவாட்டில் போட்டு, அந்தப் பெண்ணின் முகத்துக்குச் சமமாக உட்கார்ந்தாள்.

"சரி, தொடமாட்டேன்," என்றாள். "என் பேரு சாந்தினி. நான் இங்கயே இருக்கேன். உங்கம்மா வெளிய இருக்காங்களா? கூப்பிடச் சொல்றேன். இப்போ வலி குறையுதா? குறையும்போது சொல்லுங்க, பாப்பாவோட இதயத் துடிப்பை மட்டும் கேட்கணும். நீங்க சரின்னு சொன்னாதான். வேணாம்னா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்பேன்."

அலறல் நின்றது. "தண்ணி," என்றார் தாய், எழுதப்படாத வசனமாக. சாந்தினி மேசையிலிருந்த பேராசிரியரின் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து கொடுத்தாள். உண்மையாகவே தொண்டை கட்டியிருக்க வேண்டும். அவர் பாதியைக் குடித்துவிட்டார்.

"இப்போது ஏன் சிரிப்பு வரவில்லை?" என்றார் பேராசிரியர்.

சாந்தினிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இது மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சொல்லாக வந்தது இப்போதுதான். "எல்லாரும் என்னைப் பார்க்கும்போதுதான் வருது, மேடம். நான் இன்னொருத்தரைப் பார்த்துக்கிட்டு இருந்தா வரல. அண்ணி பிரசவத்துல முதல்ல சிரிச்சேன், அவுங்க திட்டினாங்க. ஆனா பாப்பா வெளிய வந்து கொஞ்ச நேரம் அழல. அப்போ சிரிப்புன்னு ஒண்ணு இருக்குறதே எனக்கு ஞாபகம் இல்ல."

"அந்தக் குழந்தை அழாமலே போயிருந்தால்?"

சாந்தினி கையைப் பார்த்துக்கொண்டாள்.

"தெரியாது," என்றாள். "நானும் அழுதிருப்பேன்னு நெனைக்கிறேன். அங்கே ஒரு மருத்துவச்சி அழலாமா, அழுதுகிட்டே என்ன செய்யணும், அந்த அம்மாகிட்ட முதல்ல என்ன சொல்லணும்... எனக்குத் தெரியல. கத்துக்கணும்."

பேராசிரியர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். பிறகு மற்றக் கேள்விகள் வந்தன. சிலவற்றுக்கு நன்றாகச் சொன்னாள். ஆங்கிலத்தில் கேட்ட ஒரு கேள்வி பாதிதான் புரிந்தது. மறுபடி கேட்கச் சொன்னாள். எழுந்தபோது மருத்துவர் மட்டும், "டைக்கு நன்றி," என்றார்.

வெளியே வந்தவளைக் குடும்பம் சூழ்ந்துகொண்டது.

"சிரிச்சியாடி?" என்றார் அம்மா.

"சிரிச்சேன்."

"போச்சு," என்றார் அம்மா. அப்படியே ஒரு கொய்யாவை எடுத்து அவள் கையில் திணித்தார்.

முடிவு வந்த நாளில் அவள் கடையில் ஒரு பெரியவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் கைப்பேசி துடித்தது. வாடிக்கையாளர் முன்னால் பார்க்கக் கூடாதுதான், பார்த்தாள். 'தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்' என்ற வரியை வாசித்தவள், கண்ணாடியின் ஒரு கம்பி அவர் காதிலும் மறு கம்பி தன் கையிலுமாக நின்று சிரிக்கத் தொடங்கினாள்.

"அவ்ளோ கேவலமாவாம்மா இருக்கு?" என்று பெரியவர் கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"இல்ல அங்கிள், அழகா இருக்கீங்க! ரொம்ப அழகா இருக்கீங்க! நான் பாஸு!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவர் அந்தக் கண்ணாடியையே வாங்கிக்கொண்டு போனார். மெஹர்பானு அன்று சாயங்காலம் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தே தாரிக் டீ இலவசம் என்று அறிவித்துவிட்டு, அத்தாவிடம் அதற்கப்புறம்தான் சொன்னாள்.

இப்போது சாந்தினி முதலாண்டு. வகுப்பிலேயே வயதில் மூத்தவள் என்பதால் எல்லாரும் "காக்கா" என்று கூப்பிடுகிறார்கள். மலாயில் அக்கா என்று அர்த்தம் என்று அம்மாவுக்கு விளக்கம் தேவையில்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் அம்மா கா கா என்று கத்திக் காட்டுகிறார். போன வாரம் முதன்முறையாகக் கர்ப்பிணிகள் வரும் கிளினிக்கில் நிற்க வைத்தார்கள். ஒரு பெண் படுத்திருந்தாள், ஏழு மாதம். மேற்பார்வைக்கு நின்ற மருத்துவச்சி, கூம்பு மாதிரியான மரக்குழாய் ஒன்றைச் சாந்தினியிடம் கொடுத்தார். அதை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினாள். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கீழே நகர்த்தினாள். வேகமாக, மெல்லிசாக, டக்டக் டக்டக் என்று வந்தது.

"கேக்குதா மிஸ்ஸி?" என்றாள் அந்தப் பெண்.

தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்பது சாந்தினிக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"கேக்குது," என்றாள். காதை எடுக்க மனம் வரவில்லை. "நல்லா கேக்குது. இருங்க, இன்னும் கொஞ்ச நேரம்."